புதன்கிழமைப் பயணங்கள்: நான்கு வருடக் கணக்கு

என் கணவர் திருச்சியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி பதினொன்றுக்கும் மெஷின் ஓடும். ஆடியும் மார்கழியும் வந்தால் ஈ ஓட்டுவார். நான் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். ஆக, எங்களுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

முன்பெல்லாம் மற்றவர்களைப் போல நாங்களும் மாதக்கணக்கில் முன்னால் டிக்கெட் போடுவோம். கிளம்புகிற வாரத்தில் யாராவது அவசரப் பத்திரிகை கேட்டு வந்து நிற்பார்கள். டிக்கெட்டை ரத்து செய்வோம். 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 ரூபாய், மூன்றாம் ஏசியில் 180 ரூபாய் பிடித்தார்கள். அதற்குப் பின் என்றால் கட்டணத்தில் கால்வாசி, பாதி என்று போனது. ஒரு வருடத்தில் மூன்று முறை இப்படிப் போனபிறகு, 2021 கடைசியில் முன்பதிவையே விட்டோம். வேலை ஓய்ந்த நாளில் அப்படியே கிளம்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை 19 பயணம்.

முதலில் டிக்கெட். கடைசி நேரம் என்றதும் எல்லாரும் தட்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தட்கலில் மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய், மூன்றாம் ஏசிக்கு 300 முதல் 400 ரூபாய் கூடுதல். இரண்டு பேர் ஏசியில் போய் வந்தால் அந்தக் கூடுதல் மட்டுமே குறைந்தது 1,200 ரூபாய். கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பைசா வராது. இதில் காலை பத்து மணிக்குக் கைப்பேசியோடு மல்லுக்கட்டுவது வேறு.

நாங்கள் பார்ப்பது கரண்ட் புக்கிங். சார்ட் (யாருக்கு எந்த இடம் என்கிற கடைசிப் பட்டியல்) போட்டபின் மிஞ்சுகிற இடங்களைச் சாதாரணக் கட்டணத்திலேயே விற்பார்கள். 2017 தொடக்கத்தில் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடியும் கொண்டுவந்தார்கள். ஸ்லீப்பரில் அது டீ-வடைக் காசுதான், ஆனாலும் வந்தவரை லாபம். ரயில் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் சார்ட் காலியிடம் பார்க்கும் வசதி இருக்கிறது. எந்தப் பெட்டியில் எந்த பெர்த் எந்த ஊர்வரை காலி என்று அதில் தெரியும். முன்பு ரயில் கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் வரும். பையைக் கட்டி வைத்துவிட்டு அந்த நேரத்துக்காக உட்கார்ந்திருப்போம். 2025 ஜூலையில் 8 மணி நேரத்துக்கு முன்பே போடத் தொடங்கினார்கள், அந்த டிசம்பரில் ராத்திரி ரயில்களுக்கு அதை 10 மணி நேரமாக்கினார்கள். அதிலிருந்து, ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இடம் உண்டா இல்லையா என்பது மத்தியானமே தெரிந்துவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒன்று மட்டும் கவனம்: சார்ட்டுக்குப் பின் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. வாசற்படி தாண்டும்போதுதான் பணம் கட்டுவேன்.

நோட்டைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. டிக்கெட்டில் நாங்கள் பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. முன்பே போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே விலைதான். மிச்சமெல்லாம் அறை வாடகையில். கொடைக்கானலில் ஒரு ஆகஸ்ட் புதன்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. வரவேற்பறைப் பையன் 1,800 ரூபாய் என்றான். வெளியே வந்து எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவனே வந்து 1,100 என்றான். அதே அறைக்கு ஆப்பில் அன்று இரண்டாயிரத்துக்கு மேல் காட்டியது. சனிக்கிழமையில் இதெல்லாம் நடக்காது, மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்கு: அது சொந்த, வாடகை வண்டிகளுக்குத்தான். திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக அரசு பஸ்ஸில் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

பஸ்ஸிலும் கிழமைதான் விலை. செவ்வாய், புதன் ராத்திரிகளில் தெற்கேயிருந்து சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்கள் பாதி காலியாகத் திருச்சிக்கு வரும். கிளம்புகிற நேரத்தில் நின்று கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை அதே பஸ்ஸில் அதே ஆள் நம்மை ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

எங்களுக்கு மிகப் பிடித்தது பொங்கல் பயணம். சென்னையே காலியாகித் தெற்கே வரும்போது நாங்கள் எதிர்த்திசையில் போவோம். போகியன்று சென்னை போகிற ரயிலில் வேண்டிய பெர்த் கிடைக்கும். நாத்தனார் குடும்பம் ஊருக்கு வராமல் அங்கேயே பொங்கல் வைப்பார்கள். ஹாரன் சத்தமில்லாத மவுண்ட் ரோட்டை அந்த இரண்டு நாளில்தான் பார்க்க முடியும். காணும் பொங்கலன்று மெரினாவுக்குக் கூட்டம் வரும் நேரத்தில் நாங்கள் எழும்பூரில் திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருப்போம், அதுவும் காலியாகத்தான் இருக்கும். (தங்கும் செலவு இல்லாத இந்தப் பயணங்களை நான் மிச்சக் கணக்கில் சேர்க்கவில்லை. நாத்தனாருக்குக் கொண்டுபோகும் மணப்பாறை முறுக்கின் விலையையும்தான்.)

விமானத்தில் இந்த வித்தை பலிக்காது. ஒரு முறை சிங்கப்பூருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போனது. கடைசி இருக்கையை மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்று காத்திருந்தது எங்கள் அசட்டுத்தனம்.

சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 23, புதன்கிழமை. புதிய பாம்பன் பாலம் ஏப்ரலில்தான் திறந்திருந்தது, அதில் போக வேண்டும் என்று கணவருக்கு ஒரே ஆசை. காலை ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினோம். கூட்டம் அதிகமாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாலம் அருமை. ராமேஸ்வரத்தில் இறங்கினால் கால் வைக்க இடமில்லை. நான் ஆயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்த லாட்ஜில் 3,500 கேட்டார்கள். மற்ற இடங்களில் அறையே இல்லை. மறுநாள் ஆடி அமாவாசை! ராத்திரியே மதுரை பஸ்ஸில் ஏறி, பரமக்குடி வரை நின்றுகொண்டே வந்தோம். வருடா வருடம் ஆயிரக்கணக்கில் காலண்டர் அச்சடிக்கிற மனிதர், வழி முழுக்க வாயே திறக்கவில்லை.

அதன்பின் தினசரித் தாள் காலண்டரைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. முகூர்த்த நாளில் எந்த ஊர் லாட்ஜிலும் பேரம் படியாது, பஸ்ஸிலும் இடம் இருக்காது. பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை பக்கம் தலைகாட்ட மாட்டோம், கிருத்திகை என்றால் பழனி பக்கம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் தெற்கு, மேற்கு ரயில்களை நிரப்பிவிடும், அப்போது தரங்கம்பாடி, கும்பகோணம் என்று டெல்டாவுக்குள்ளேயே சுற்றுவோம். மார்கழியில் சென்னைக்கும் ஒரு நடை உண்டு: பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும், கல்யாணம், நேர்காணல் என்று குறித்த நாளில் போய்ச் சேர வேண்டியவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கும் சரிவராது. ஒரு தடவை என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கரண்ட் டிக்கெட்டில் போனோம். மூன்றும் அப்பர் பெர்த். கீழே இருந்த காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான், இல்லாவிட்டால் என்ன செய்திருப்போமோ. முதியோர் சலுகையைத்தான் 2020-லேயே எடுத்துவிட்டார்கள், படுக்கையாவது கீழே வேண்டாமா? இப்போது அவர் வருகிற பயணம் என்றால் 60 நாள் முன்பே உட்கார்ந்து லோயர் பெர்த் போட்டுவிடுகிறோம். அந்த வாரம் பத்திரிகை வேலை வந்தால் அவரை மட்டும் ரயிலேற்றிவிடுவோம். நாத்தனார் எழும்பூரில் வந்து இறக்கிக்கொள்வார்.