எல்லா வயிற்றையும் திறக்கிற சேர்ஜனா, ஒரே உறுப்பைப் பார்க்கிற சேர்ஜனா?

மாமிக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். "கொழும்புக்குக் கொண்டு போவம், அதுக்கெண்டே படிச்ச டொக்டர் இருக்கிறார்" என்று சின்னம்மா. "திருகோணமலையில இருக்கிறவர் வெட்டாத வயிறா?" என்று மாமா. இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் வேறு வேறு நோய்க்கு.

மாமி விஷயத்தில் நான் சின்னம்மா பக்கம். மலக்குடல் இடுப்பெலும்புக்குள் ஆழத்தில், இடமே இல்லாத இடத்தில் கிடக்கிறது. கட்டியை வெட்டினால் மட்டும் போதாது, அதைச் சுற்றியிருக்கிற கொழுப்பையும் அதன் உறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும், பக்கத்திலேயே ஓடுகிற சிறுநீர்ப்பை நரம்புகளையும் காப்பாற்ற வேண்டும். பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய சேர்ஜன் 1982இல் இந்த முறையை எழுதினார். அது பரவிய பிறகு அதே இடத்தில் நோய் திரும்புவது நன்றாகக் குறைந்தது. இதற்குக் கை பழக வேண்டும், எப்போதாவது ஒன்று செய்தால் பழகாது. கணையத்தில் இது இன்னும் பயங்கரம். அமெரிக்காவில் வயதான நோயாளிகளை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், கணையத்தை வெட்டும் சத்திரசிகிச்சையை மிகக் குறைவாகச் செய்த ஆஸ்பத்திரிகளில் 16.3% பேர் இறந்தார்கள், மிக அதிகமாகச் செய்த இடங்களில் 3.8%.

சரி, இப்போது மாமா பக்கம். பக்கத்து வீட்டுப் பையன் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தபோது இரவு பதினொன்றரை. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க இரத்தம், நான் போய்ப் பார்த்தபோது உதடு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கண்டிக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர், கொழும்புக்கு 260, இடையில் ஹபரணைக் காட்டில் யானை நின்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும். அவனைக் காப்பாற்றியது வீட்டிலிருந்து ஓடி வந்த பொது சேர்ஜன். விதை (விரை) முறுக்கிக்கொண்டு வருகிற பையனுக்கும் இதே கதை, கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலத்துக்குள் திறக்காவிட்டால் விதை போய்விடும். வயிற்றைத் திறப்பது, சிசேரியன், தோலைக் கிழித்து வெளியே வந்த எலும்பு முறிவு, இந்த மூன்றையும் இரண்டு மணித்தியாலப் பயணத்துக்குள் செய்யக்கூடிய ஆஸ்பத்திரி 2030க்குள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 80% பேருக்காவது வேண்டும் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2015இல் கேட்டது. எங்கள் மாவட்டத்தின் மூதூர், புல்மோட்டைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நோயாளியைப் படகில் ஏற்றித்தானே கொண்டுவந்தோம்.

அப்படியென்றால் குடலுக்கொருவர், மார்பகத்துக்கொருவர், தைரொய்டுக்கொருவர் என்று இங்கேயும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரு துறைக்கு ஒருவரைப் போட்டால் அவர் 365 இரவும் விழித்திருக்க முடியாது. மூன்று நான்கு பேராவது வேண்டும், அத்தனை பேருக்கும் கை பழகுகிற அளவுக்கு இங்கே நோயாளிகளும் இல்லை. எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறொன்று. இளம் டொக்டர்மார் பொது வேலையில் ஊறாமல் நேரே ஓர் உறுப்புக்குள் போய்விட்டால், குடல் முறுக்கிக்கொண்டு வருகிறவரை நடு இரவில் யார் தொடுவது?

மாமியையே எடுங்கள். அவ முதலில் வந்ததே குடல் அடைத்து, வயிறு மத்தளம் போல ஊதித்தான். அன்றிரவு இங்கே இருக்கிற பொது சேர்ஜன் குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே திறந்து, மலம் வடியப் பை வைத்துவிட்டார், கட்டியில் கையே வைக்கவில்லை. மறுநாள் காலை கட்டில் பக்கத்தில் நின்று, நோயாளியின் குறிப்பு டிக்கெட்டில் எழுதிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்: "ஐயா, நானும் வெட்டுவன். ஆனா இதையே செய்யிறவர் வெட்டினா அம்மாவுக்கு நல்லது. கடிதம் தாறன்." கட்டி யாருக்கு, அடைப்பு யாருக்கு என்று பிரித்துப் பார்த்த அந்தக் கண்ணை நான் எந்த நுட்பமான வெட்டுக்கும் குறைவாக வைக்க மாட்டேன். மாமா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

வருகிற 14ஆம் திகதி கொழும்பில் கிளினிக். வேன் பேசியாச்சு, இரவு ஒரு மணிக்கே வெளிக்கிட வேண்டும்.