கொரொல்லா, கரீனா ஓட்டோ கியர் காருக்குக் கிக்டவுன் கேபிள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய டொயோட்டா ஓட்டோ கியர் காருக்குக் கிக்டவுன் கேபிள் தேடிப் போனால் மூன்று வகை கண்ணில் படும்: ஜெனுயின், வேறு கம்பனிகள் செய்த மாற்றுக் கேபிள், ஜப்பான் வாகனத்தில் கழற்றிய பாவித்த கேபிள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரே சாமான் போலத்தான் தெரியும். உள்கம்பியில் நசுக்கிப் பொருத்தும் சின்னக் குமிழைப் பாருங்கள். அதுதான் ஸ்டொப்பர். அது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலே கியர்பொக்ஸுக்குள் (இனிப் ‘பெட்டி’) ஒயில் அழுத்தம் பிழையாகிவிடும்.

இந்தக் கேபிளின் ஒரு நுனி, என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் திரொட்டில் பொடியில் உள்ள சக்கரத்தில் கொளுவியிருக்கும். மறுநுனி கியர்பொக்ஸுக்குள், ஒயிலைப் பங்கிடும் வால்வு பொடியில் உள்ள சிறு கேமில் (கம்பி இழுத்தால் திரும்பும் துண்டு). பெடலை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுக்கு ஒயில் அழுத்தத்தைக் கூட்டுவது இதன் வேலை. ஏ131எல், ஏ240எல் போன்ற, ஒயில் அழுத்தத்தாலேயே கியர் மாறும் ஹைட்ரோலிக் பெட்டிகளில் கியர் எப்போது மாற வேண்டும், பெடலை மிதித்ததும் எப்போது கீழிறங்க வேண்டும் (கிக்டவுன்) என்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஏ245ஈ, ஏ140ஈ, ஏ340ஈ என்று ஈ எழுத்தில் முடியும் பெட்டிகளில் கியர் மாறும் நேரத்தைக் கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். அங்கே கேபிளுக்கு அழுத்தம் மட்டும்தான் பொறுப்பு. கிக்டவுன் கேபிள் என்பது அங்கே வெறும் வாய்வழக்கு. ஈ பெட்டியில் கிக்டவுன் வரவில்லை என்று கேபிளை மாற்றுவது வீண் செலவு.

வாங்குவதற்கு முன் குற்றம் கேபிளில்தானா என்று உறுதிப்படுத்துங்கள். என்ஜினை நிறுத்தி, திரொட்டில் சக்கரத்திலிருந்து கிக்டவுன் கேபிளை மட்டும் கழற்றுங்கள். சக்கரத்தைக் கையால் முழுதும் திறந்து விடுங்கள். அப்போதும் சக்கரம் மூடாமல் இறுக்கிப் பிடித்தால் அது திரொட்டில் பொடியில் படிந்த கரி, அல்லது அக்சிலரேற்றர் கேபிள். கிக்டவுன் கேபிளுக்குச் சம்பந்தமில்லை. சக்கரம் டக்கென்று மூடினால், கழற்றிய கேபிளின் உள்கம்பியை விரலால் மெதுவாக இழுத்து விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் பிடிப்பு சீராக இருக்க வேண்டும். விட்டதும் தானாக உள்ளே போக வேண்டும். இடையில் கறகறவென்று உரசினாலோ, பாதியில் நின்றாலோ, தள்ளினால்தான் போனாலோ கேபிள் முடிந்தது. கேமே இறுகியிருக்கவும் கூடும். அதை ஒயில் பான் (பெட்டியின் அடித்தட்டு) கழற்றிய பிறகுதான், கேமை விரலால் திருப்பி விட்டு அறியலாம்.

ஓடும்போது வரும் அறிகுறிகள் இரண்டு பக்கமாகப் பிரியும். (ஈ பெட்டியில் கியர் மாறும் நேரம் இதனால் மாறாது.) கம்பி இழுபட்ட நிலையில் இறுகினால் கியர் பிந்தி, வெட்டி மாறும், காலை எடுத்த பிறகும் கீழ் கியரிலேயே நிற்கும், பெடல் பாரமாகும். கம்பி தொய்ந்தால் கியர் முந்தி, வழுக்கியபடி மாறும். பலர் முதலாவதற்குப் பயந்து கராச்சுக்கு ஓடுவார்கள், இரண்டாவதை ‘ஸ்மூத்தாகப் போகுது’ என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பெட்டியைத் தின்பது இரண்டாவதுதான். அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் உரசி எரியும். இறுகிய கேபிளைக் கழற்றிவிட்டு ‘சாமான் வரும்வரை ஓடுங்கோ’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். காரைக் கட்டி இழுத்துப் போவது மலிவு.

இனிச் சாமான்கள். ஜெனுயின் கேபிளின் இலக்கம் 35520 என்று தொடங்கும். அடுத்த இரண்டு எண்கள் வாகனக் குடும்பத்தைச் சொல்லும்: 12 என்றால் கொரொல்லா, 20 என்றால் கரீனா-கொரோனா பக்கம், 35 என்றால் ஹைலக்ஸ். சேஸி இலக்கத்தைக் கொடுத்துத்தான் கேளுங்கள். ஒரே கொரொல்லாவிலும் என்ஜின் மாறினால் கேபிள் மாறும். இதில் ஸ்டொப்பர் நசுக்கப்படாமல், கம்பியில் ஓடித் திரியும். குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அது அப்படித்தான் வர வேண்டும். உறை மென்மையாக வளையும், முனையை மூடும் ரப்பர் உறையான பூட் கச்சிதமாகப் பொருந்தும். விலைதான் கையைக் கடிக்கும். இருந்தும் முதல் தெரிவு இதுதான்.

மாற்றுக் கேபிளில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. சாமான் வரும் அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடையிலேயே பிரித்து, சுமார் 200 மில்லிமீற்றர் ஆரை வரும்படி வளைத்து உள்கம்பியை இழுத்துப் பாருங்கள். அந்த வளைவில் உரசினால் காருக்குள் நிச்சயம் இறுகும். கியர்பொக்ஸுக்குள் போகும் முனையின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தளர்வாக இருந்தால் ஒயில் கசியும். ஸ்டொப்பர் முன்கூட்டியே நசுக்கி வந்திருந்தால் யாருடைய அளவுக்கு நசுக்கினார்கள் என்று தெரியாது, அதை விட்டுவிடலாம். ஸ்டொப்பர் தளர்வாக, வளைவில் வழுக்கி ஓடும் மாற்றுக் கேபிள் கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை.

பாவித்த கேபிளை எங்கும் வாங்கச் சொல்ல மாட்டோம். உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறை உங்கள் பழைய கேபிள் அளவுக்கே வயதானது. எக்ஸோஸ்ட் சூட்டில் காய்ந்திருக்கும், வெடித்த பூட் வழியே தண்ணீர் இறங்கித் துருவும் பிடித்திருக்கலாம். ஸ்டொப்பரும் வேறொரு காரின் அளவில் நிற்கும். பழைய கேபிளுக்கு ஸ்பிரே அடித்துச் சரிக்கட்டுவதும் இதே கணக்குத்தான்: இன்று இளகும், தூசி சேர்ந்து மறுபடி பிடிக்கும்.

மாட்டும் வேலையை ‘அரை மணித்தியாலத்தில்’ முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். ஒயில் வடித்து, பான் இறக்கி, கொரொல்லா வகைப் பெட்டிகளில் வால்வு பொடியையும் இறக்கினால்தான் கேமில் கை போகும். வால்வு பொடி போல்ட்கள் பல நீளத்தில் இருக்கும்; ஓர் அட்டையில் அதே வடிவத்தில் துளையிட்டுச் செருகி வைப்பவர் நல்ல மெக்கானிக். அவற்றுக்கு 10 நியூட்டன்-மீற்றர், பான் போல்ட்களுக்கு அதில் பாதிதான் முறுக்கு. பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும்.

மாட்டுவதற்கு முன்தான் ஸ்டொப்பர் வேலை. கேபிளை அதே 200 மில்லிமீற்றர் ஆரையில் வளைத்து, உள்கம்பியை லேசான தடை தெரியும்வரை இழுத்துப் பிடித்து, வெளி உறையின் முனையிலிருந்து 0.8 முதல் 1.5 மில்லிமீற்றர் தள்ளி நசுக்க வேண்டும். கண் மட்டத்துக்குச் செய்யக் கூடாது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள்.

பொருத்திய பின் அளவு எடுப்பதில் குழப்பம் வரும். முதலில் பெடலை முழுதாக மிதித்து, திரொட்டில் வால்வு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அக்சிலரேற்றர் கேபிள் தொய்ந்திருந்தால் மற்ற அளவெல்லாம் பொய். பிறகு, சில மாதிரிகளில் பெடலை விட்ட நிலையில் உறை முனைக்கும் ஸ்டொப்பருக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர். பழைய மாதிரிகளில் பெடலை முழுதாக மிதித்த நிலையில் பூட் முனைக்கும் ஸ்டொப்பருக்கும் இடையே அதே 0 முதல் 1. உங்கள் என்ஜினுக்கு எது என்பதை வேர்க்‌ஷொப் கைநூலில் பார்த்து அதை மட்டும் பிடியுங்கள். இரண்டு நட்டும் இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும், இறுக்கும்போது உறை நகரும்.

கியர் வெட்டுகிறது என்று நட்டைத் திருப்பிக் கேபிளைத் தொய்யவிட்டு ‘சொஃப்ற்’ (மென்மை) ஆக்கித் தருவது சில கராச்களில் நடக்கும். அளவு சரியாக இருந்தும் வெட்டினால் குற்றம் வேறிடத்தில். அழுத்த கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயில் சுமார் 3 லீற்றர் பிடிக்கும். ஏ131எல் பெட்டியில் டிஃபரன்ஷியலுக்கு (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பகுதி) ஒயில் தனி, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கார் நன்றாகச் சூடேறியதும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் ‘பார்க்’ நிலைக்குத் திருப்பிவிட்டு, ஒயில் டிப்ஸ்டிக்கின் ‘ஹொட்’ கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைக் காகிதத்தால் துடைத்து, இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை துடையுங்கள். சிவப்புக் கறை பட்டால் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை.