வீட்டு டொன்காட்சு: பல வருடம் பொரித்துப் பார்த்த பிறகு

பன்றித் துண்டுக்கு ரொட்டித்தூள் போர்த்திப் பொரிக்கும் ஜப்பானியப் பண்டமான டொன்காட்சு செய்ய என்னென்ன வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கம்பித் தட்டு. விலை உயர்ந்த இறைச்சியும் நல்ல எண்ணெயும் கனமான சட்டியும் அதற்குப் பிறகுதான். நூறு யென் கடையிலேயே கிடைக்கிற, கீழே ஒரு தட்டமும் மேலே கம்பி வலையும் உள்ள சாதாரணப் பொருள் அது. எங்கள் சமையலறைக்கு வந்துபோன சாமான்களில் மொறுமொறுப்பை நிஜமாகவே மாற்றியவை அந்தத் தட்டும், பாங்கோ என்ற ஜப்பானிய ரொட்டித்தூளில் ஈரமான வகையும்தான். மற்றவை வேலையைச் சுலபமாக்கின, அவ்வளவே.

நாங்கள் இருப்பது தோக்கியோவின் எதோகாவா வார்டில், நிஷிகசாயில். இங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் டொன்காட்சுக்கென்றே வெட்டிய பன்றித் துண்டுகள் தட்டத்தில் அடுக்கியிருக்கும். ஓரத்தில் கொழுப்புப் பட்டையோடு இருப்பது ரோசு, கொழுப்பே இல்லாத மெதுவான சதை ஹிரே. பாங்கோ ஒரு வரிசை முழுக்க இருக்கும், சாஸ் இன்னொரு வரிசை. தோக்கியோவின் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகத்தில்தான் இந்தப் பண்டம் பிறந்ததாகச் சொல்வார்கள். வெண்ணெயில் வாட்டி எடுக்கும் ஐரோப்பியக் கட்லெட்டை, 1899 வாக்கில், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவைப் போல எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தார்களாம். அன்றைய யோசனையின் பலனைத்தான் இன்று நாம் வீட்டில் அனுபவிக்கிறோம். மூழ்கப் பொரித்தால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு கிடைக்கும், தூள் மேலோடு எழும்பி நிற்கும்.

மொறுமொறுப்பு முழுக்கவும் தண்ணீர் சமாச்சாரம் என்பது என் முடிவு. துண்டை எண்ணெயில் விட்டதும் பொங்குகிற குமிழி எல்லாம் வெளியேறுகிற நீராவி. தூளில் இருந்த ஈரம் போன இடத்தில் காற்று நிறைந்த சிறு பொந்துகள் உண்டாகின்றன, அவைதான் பல்லில் நொறுங்குபவை. ஆனால் எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற சதை ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கும். அப்படியே காகிதத்தின் மேல் படுக்க வைத்தால் அடிப்பக்கம் அந்த ஆவியிலேயே வெந்து தொளதொளத்துவிடும். கம்பித் தட்டில், முடிந்தால் ஒருக்களித்து நிமிர்த்தி, மூன்று நான்கு நிமிடம் நிறுத்தினால் ஆவி நாலு பக்கமும் போய்விடும், எண்ணெயும் ஓரமாக வடிந்துவிடும். அந்த நேரத்தில் உள்சூடு நடுச்சதையையும் வேகவைத்து முடிக்கும். சாறு சதைக்குள் அடங்கும். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடி அடித்தூளை நனைத்துவிடும். எந்தச் செலவும் இல்லாத இந்த நாலு நிமிடத்தைத்தான் பசி பொறுக்காத வீடுகளில் தவறவிடுகிறார்கள்.

இறைச்சியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதை விட முடியாது. ரோசில் கொழுப்பும் சதையும் சேரும் இடத்தில் ஒரு நார் ஓடும். கத்தி நுனியால் அதை நாலைந்து இடத்தில் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடு பட்டதும் துண்டு சுருண்டு வளைந்து, நடு ஒரு பக்கமும் ஓரம் ஒரு பக்கமுமாக வேகும். கத்தியின் முதுகால் இரு பக்கமும் லேசாகத் தட்டி, பரவியதைக் கையால் பழைய வடிவத்துக்குக் கூட்டிக்கொள்வேன். உப்பும் மிளகும் மாவு போடுவதற்குச் சற்று முன்புதான். முன்கூட்டியே போட்டால் நீர் விடும், துடைத்தாக வேண்டும்.

நம் ஆட்கள் கை துறுதுறுக்கும் இடமும் இதுதான். இஞ்சி பூண்டு விழுது, தயிர், மிளகாய்த்தூள் எல்லாம் தடவி ஊறவைத்தால் சுவை ஏறும் என்பது உண்மை, சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் போன்றவற்றுக்கு அது சரி. தூள் போர்த்திப் பொரிக்கும் பண்டத்துக்கு அது ஆகாது. விழுதின் ஈரத்தில் மாவு சேறாகும், மேல்தோல் சதையில் ஒட்டாது, வெட்டும்போது தோல் தனியாகவும் கறி தனியாகவும் பிரிந்து வரும். காரம் வேண்டுமென்றால் மிளகைக் கூட்டிப் போடுங்கள், அல்லது சாஸில் சேருங்கள்.

மாவு, முட்டை, தூள் என்ற மூன்று தட்டு முறையை நானும் வெகுகாலம் பின்பற்றினேன். இப்போது மாவையும் முட்டையையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறேன். ஒரு முட்டைக்கு நாலு மேசைக்கரண்டி மைதா, ஒன்றரைக் கரண்டி தண்ணீர். பஜ்ஜி மாவை விடச் சற்றே தளர்வாக, கரண்டியிலிருந்து பட்டையாக வழிய வேண்டும். இங்கே பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். மேலோடு பிரிவதை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. துண்டின் மேல் இடைவெளி விடாமல் மூடுவதால் சாறும் எண்ணெய்க்குள் கசியாது. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்று குறைவதும் லாபம்.

பாங்கோவில் உலர்ந்தது, ஈரமானது என இரண்டு உண்டு. ஈரமானதை நாமா பாங்கோ என்பார்கள். துகள் பெரிது, மெத்தென்றிருக்கும், பொரித்தால் முள்முள்ளாக எழும்பி நிற்கும். பையைப் பிரித்தபின் அதிக நாள் தாங்காது, மிச்சத்தை உடனே உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். உலர்ந்ததுதான் கையில் இருக்கிறதென்றால், தட்டில் பரப்பித் தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்து, கையால் கலந்து ஐந்து பத்து நிமிடம் விட்டால் கிட்டத்தட்ட அதே குணம் வந்துவிடும். தண்ணீர் சேர்த்தால் நமத்துப்போகுமே என்று தோன்றும். நடப்பதோ நேர்மாறு. காய்ந்த தூள் சதை வேகும் முன்பே கருகத் தொடங்கும், ஈரத்தூளோ அந்த ஈரம் போகும்வரை நிதானமாக நிறம் மாறும். பாங்கோவுக்கான ரொட்டியை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்: அடுப்பில் சுடுவது ஒன்று, மாவின் ஊடே மின்சாரம் செலுத்தி வேகவைப்பது இன்னொன்று. மின்சாரத்தில் வெந்த ரொட்டிக்குப் பழுப்புத் தோலே கிடையாது, தூள் வெள்ளையாக இருக்கும். சுட்டதில் வாசம் அதிகம். எனக்குப் பிடித்தது சுட்டது, ரோசின் கொழுப்போடு அந்த வாசம் நன்றாகச் சேர்கிறது. தூளை அழுத்தி ஒட்டக் கூடாது. குவியலுக்குள் துண்டைப் புதைத்து, மேலே தூளை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் மெதுவாக அமர்த்தினால் போதும். பிறகு பத்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும்.

சட்டி விஷயத்தில் ஜப்பானில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். இங்கே 2008 அக்டோபர் முதல் வீட்டு எரிவாயு அடுப்பின் எல்லா பர்னருக்கும் சூடு மிஞ்சினால் தானே அணையும் ஏற்பாடு கட்டாயம். சட்டி எண்ணெய் தீப்பிடிப்பது இங்கே வீட்டுத் தீவிபத்துகளில் முக்கியமான ஒன்றாக இருந்தது, எண்ணெய் 370 டிகிரி அளவுக்குப் போனால் தீயே காட்டாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பர்னரின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு உணரி சட்டியின் அடியைத் தொட்டுச் சூட்டை அளக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை அடி வாணலி அதில் சரியாகப் பொருந்தாது. தட்டை அடியுள்ள சட்டிதான் வேண்டும். எங்களுடையது இவாத்தே மாகாணத்து நான்பு வார்ப்பிரும்பில் செய்தது, கப்பாபாஷி பாத்திரக் கடைத்தெருவில் வாங்கியது. கனத்தால் கை நோகும், கழுவியதும் துடைத்து உலர்த்தாவிட்டால் துரு ஏறும். ஆனால் குளிர்ந்த துண்டு விழுந்தாலும் சூடு சட்டென்று இறங்காது. பல அடுப்புகளில் பொரிப்பதற்கென்று ஒரு பொத்தான் உண்டு, 170 என்று வைத்தால் அடுப்பே தீயைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வெப்பமானி வாங்கும் முன் உங்கள் அடுப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத் துண்டுக்கு 170 டிகிரியில் ஒரு பக்கம் இரண்டரை முதல் மூன்று நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் தொடவே கூடாது, மேலோடு இறுகும் முன் கிளறினால் வழுகி உரியும். சின்னச் சட்டியென்றால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான். காது கொடுத்துக் கேட்டால் தெரியும்: முதலில் கனத்த சத்தத்தோடு பெரிய குமிழிகள், முடியும் தறுவாயில் குமிழி சிறுத்து, சத்தம் மெலிந்து கீச்சென்று ஆகும். எடுக்கும் முன் தீயைக் கூட்டி அரை நிமிடம் விட்டால் மேலோடு எண்ணெயைத் தன்னோடு இழுத்து வராது.

வேக்காடு பற்றி ஒரு வார்த்தை. நடுவில் இளஞ்சிவப்பு தெரியும்படி பரிமாறும் கடைகள் இங்கே புகழ்பெற்றவை, அவை குறைந்த சூட்டில் நீண்ட நேரம் பொரிப்பவை. வீட்டில் அதை முயல வேண்டாம். பன்றியைப் பச்சையாக உண்ணக் கொடுப்பதை ஜப்பான் அரசு 2015 ஜூனில் தடை செய்தது, நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடம் அல்லது அதற்குச் சமமான வேக்காடு வேண்டும் என்பது விதி. 75 டிகிரியில் ஒரு நிமிடம் அதற்குச் சமம் என்பார்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. தட்டில் நிற்கும்போது நடுச்சூடு 75ஐத் தொட்டு ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பேன். அந்த அளவோடு நிறுத்தினால் சாறு இருக்கும். பயந்து மேலும் மேலும் வேகவைத்தால் எந்த மேலோடும் அந்த வறட்சியை மறைக்காது.

ககோஷிமாவின் கறுப்புப் பன்றி போன்ற உயர்ரகம் வாங்கிப் பார்த்தோம். கொழுப்பு இனிப்பாகவே இருந்தது, மறுக்கவில்லை. வாராவாரம் செய்கிற சமையலுக்கு உள்ளூர்ப் பன்றியின் சாதாரண ரோசு போதும். காசு மிச்சமானால் ஒரு கட்டி பன்றிக்கொழுப்பு வாங்கிப் பொரிக்கும் எண்ணெயில் கால் பங்கு கலந்து பாருங்கள், கடை வாசம் வரும். எண்ணெயை ஆறியதும் வடிகட்டி இரண்டு மூன்று தடவை பயன்படுத்துவோம். பிறகு கதாமேரு தெம்புரு என்ற தூளைச் சூடான எண்ணெயில் கலந்தால், ஆறும்போது கட்டியாகிவிடும், அப்படியே குப்பையில் போடலாம். அந்தத் தூள் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுப்பது.

ஏர் ஃப்ரையரில் செய்வதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தூளை வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து, பிறகு போர்த்தி வைத்தால் நிறமும் நொறுங்கலும் வரும். ஆனால் அது வறட்டு நொறுங்கல். எண்ணெய் சூழ்ந்து மேலோடு உப்பி எழும்புவது அதில் நடக்கவில்லை. உடம்புக்காக எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அது நல்ல வழிதான், அவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். எங்கள் வீட்டில் டொன்காட்சு செய்யும் நாளில் இரும்புச் சட்டிதான் அடுப்பேறும்.

பன்றி சாப்பிடாத நண்பர்கள் வரும் நாளில் கோழி. நெஞ்சுக்கறியின் கனத்த பகுதியைப் பக்கவாட்டில் கீறிப் புத்தகமாக விரித்தால் கனம் சமமாகும், மற்றதெல்லாம் அதே முறை, நடு 75 டிகிரி ஆவது கட்டாயம். எண்ணெயையும் சட்டியையும் அன்று புதிதாகவே எடுப்பேன், அவர்கள் கேட்காவிட்டாலும். தொட்டுக்கொள்ள புல்டாக் என்ற பெயரில் விற்கும் சாஸ், கொஞ்சம் கராஷிக் கடுகு, மெல்லிசாகச் சீவிய கோஸ். குழந்தைகளுக்கு ஜப்பானியக் கறிக் குழம்புக்குப் பதில் நம் கோழிக்குழம்பைக் கெட்டியாக வைத்து ஊற்றுகிறேன். துண்டின் மேல் ஊற்றாமல் பக்கத்துச் சோற்றில் மட்டும் ஊற்றினால் கடைசித் துண்டுவரை மொறுமொறுப்பு நிற்கும்.

ஒரே நாளில் எட்டுப் பத்துத் துண்டுக்குத் தூள் போர்த்தி, பொரிக்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றி உறையவைத்துக்கொள்ளலாம். உருகவிடாமல் நேரே எண்ணெயில் போடுங்கள், சூட்டை 160 டிகிரிக்கு இறக்கி, ஏழெட்டு நிமிடம் கொடுத்து, வெப்பமானியால் நடுவைக் குத்திப் பார்த்த பிறகு எடுங்கள். உருகிய துண்டு நீர் விட்டுத் தூளை நனைத்துவிடும் என்பதால் இதில் மட்டும் அவசரம் நல்லது.