மாண்டூவா, இக்ராவா? ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்த கதை

போன வருடம் அப்பாவுக்கு நுரையீரல் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியானது. கூடவே இருந்த எங்களுக்கும் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அண்ணன் மகனுக்கு நாலு வயது. ஐந்து வயதுக்குள் என்றால், நோய் இல்லை என்று தெரிந்ததும் இந்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அண்ணி மாண்டூ என்ற தோல் ஊசிப் பரிசோதனை போட்டுக்கொண்டார், நான் இக்ரா (IGRA) என்ற இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். மறுபடி கேட்டாலும் இக்ரா என்றுதான் சொல்வேன்.

இரண்டும் தேடுவது கிருமியை அல்ல. கிருமியை முன்பே சந்தித்த டி செல்களை, அதாவது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை. மாண்டூவில் 0.1 மி.லி. டியூபர்குலினை (கிருமியின் புரதச் சாற்றை) முன்கைத் தோலுக்குள் ஏற்றுகிறார்கள். கிருமியைப் பழகிய செல்கள் அங்கே திரண்டு தோல் தடிக்கும். இக்ராவில் அதே கூத்து குழாய்க்குள் நடக்கிறது: கிருமியின் புரதத் துண்டுகளோடு இரத்தத்தை 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை அளக்கிறார்கள். (இரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டி.பி. சொல்லும் கிட்களை 2012-இல் இந்தியா தடை செய்தது. இக்ரா அந்த ரகம் இல்லை.)

விலையில் பேச்சே இல்லை, மாண்டூ மலிவு. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி மாண்டூவைக் குழப்பலாம். இக்ராவில் வைக்கும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள் பிசிஜியில் இல்லாததால் அந்தத் தொல்லை கிடையாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

என்னை இக்ரா பக்கம் சாய்த்தது அளவெடுப்பு. அண்ணிக்கு வியாழன் மாலை ஊசி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், அதாவது சனி மாலைக்கும் ஞாயிறு மாலைக்கும் நடுவில். ஞாயிறு கிளினிக் கிடையாது. சனிக்கிழமை கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். அங்கிருந்தவர் சிவந்திருந்த இடத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்து 18 என்று எழுதிவிட்டார். அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, தடிப்பை. நல்லவேளை, டாக்டர் மறுபடி பார்த்தார். பால்பாயின்ட் பேனாவை இரண்டு பக்கத்திலிருந்தும் தடிப்பை நோக்கி மெல்ல ஓட்டி, முனை தடுக்கும் இடங்களில் நிறுத்தினார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே 8 மி.மீ. நம் ஊரில் பொதுவாக 10 இருந்தால்தான் பாசிட்டிவ். அவர் பார்த்திருக்காவிட்டால் அண்ணிக்கு அன்றே பாசிட்டிவ் முத்திரைதான்.

என் பக்கம் ஒரே தடவை போனேன், நான்கு குழாய், தலா 1 மி.லி. அதில் ஒன்று செல்களை வேண்டுமென்றே உசுப்பிப் பார்ப்பதற்கு. அதிலும் அசைவில்லை என்றால் 'நெகட்டிவ்' என்று எழுதாமல் 'தீர்மானிக்க இயலவில்லை' என்பார்கள். மாண்டூவில் அந்தக் காவல் இல்லை.

அதற்காக இக்ராவைத் தலையில் தூக்கி ஆட வேண்டாம். இரத்தம் சீக்கிரம் லேபுக்குப் போக வேண்டும். பாசிட்டிவுக்கான எல்லைக்கோடான 0.35-ஐ ஒட்டி வரும் முடிவு அடுத்த தடவை மாறவும் செய்யும். சின்னப் பிள்ளைகளிடம் நான்கு குழாய் எடுப்பது எப்படியோ, எங்கள் வீட்டில் அந்த அனுபவம் இல்லை. தூங்கும் கிருமியா, நோயாகிவிட்டதா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்காகத்தான் எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே.

தொற்றியபின் உடல் காட்டிக்கொடுக்கவே 2 முதல் 8 வாரம் ஆகுமாம். அதனால் எட்டு வாரம் கழித்து இருவரும் திரும்பப் போனோம். மாண்டூவைத் திரும்பப் போட்டால் முதல் ஊசியே இரண்டாவதைக் கிளறிவிட்டுத் தடிப்பைக் கூட்டக்கூடும் என்றார் டாக்டர். அண்ணி பேசாமல் இரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டார்.