சிங்க மீனோடு ஆறு ஆண்டுகள்

வாங்கியபோது என் விரல் நீளம்தான் இருந்தது. இன்று 30 செ.மீ.க்குக் குறையாது. சிவப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் வொலிட்டன்ஸ் வகைச் சிங்க மீன். "விஷ மீனையா வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. உண்மையில் முதல் மூன்று ஆண்டுகள் அதன் விஷம் எனக்கு ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. பயம் இருந்தது, அதனால் கவனமும் இருந்தது. பயம் தெளிந்த பிறகுதான் குத்து வாங்கினேன்.

முதலில் விஷம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். விசிறி போல விரியும் அந்தப் பெரிய பக்கத் துடுப்புகளைத்தான் எல்லோரும் பயத்தோடு பார்க்கிறார்கள். அவற்றில் விஷம் இல்லை. முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, வால் பக்கம் அடியில் 3, ஆக 18 முட்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளின் பள்ளத்திலும் விஷத் திசு ஒட்டியிருக்கும், மேலே மெல்லிய தோல் உறை. முள் நம் கைக்குள் இறங்கும்போது உறை பின்னால் தள்ளப்பட்டு, அழுத்தத்தில் விஷம் காயத்துக்குள் போகிறது. பாம்பு போல அது விஷத்தைப் பீய்ச்சுவதில்லை, துரத்தி வந்து தாக்குவதும் இல்லை. நாம் போய் மோதினால்தான் குத்து.

தினசரி வாழ்க்கையில் என்னைத் திணறடித்தது தீனிதான். வந்த புதிதில் உயிருள்ள சிறு இறாலைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அசையாத பொருள் அதன் கண்ணுக்கு உணவே இல்லை. உறைந்த இறால் துண்டை நீண்ட குச்சியின் நுனியில் செருகி, நீரோட்டத்தில் தடுமாறும் இரையைப் போல ஆட்டிக் காட்டுவேன். அது பக்கத்தில் வந்து உற்றுப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு மாலை வாயைத் திறந்ததுதான் தெரியும், துண்டைக் காணோம்.

அந்த மூன்று வாரத்தில் பொறுமை இழந்து நன்னீர்ப் பொடி மீன்களை வாங்கிப் போட எனக்கும் ஆசை வந்தது. செய்யாதீர்கள். தங்கமீன் போன்றவற்றின் உடலில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தியாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அவற்றின் கொழுப்பும் கடல் மீனின் உடலுக்கு ஒத்துவராது. அதையே தின்று வளரும் சிங்க மீன் வெளியே கொழுகொழுவென்று தெரியும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, வயிறு நிறைந்தாலும் இது கேட்டுக்கொண்டே இருக்கும் மீன். என்னைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து மேலும் கீழும் அலையும். அதைப் பார்த்து மனம் இளகி முதல் ஆண்டு தினமும் போட்டேன், வயிறு புடைத்தது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், இறாலும் கடல் மீனும் கணவாயும் மாற்றி மாற்றி.

இவ்வளவு மாமிசம் தின்னும் மீனுக்கு நீரைத் தெளிவாக வைப்பது தனி வேலை. கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி தொட்டியின் கொள்ளளவுக்கு ஒரு படி பெரிதாகவே இருக்கட்டும். வெப்பம் 25 டிகிரி, நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 என்ற அளவில் வைத்திருக்கிறேன். தொட்டி 450 லிட்டர், இந்த மீனுக்கு அது போதவில்லை என்பதை நான்காம் ஆண்டில்தான் உணர்ந்தேன்.

உடன் வைப்பதற்கு ஒரே விதி: வாய்க்குள் நுழையும் எதையும் வைக்கக் கூடாது. டாம்செல் என்னும் சிறு கடல் மீன்கள் இரண்டை இழந்து இதைக் கற்றேன். இப்போது துணைக்கு இருப்பது மஞ்சள் ஃபாக்ஸ்ஃபேஸ், நம் ஓரா மீனின் குடும்பம். பாசி மேயும் சாது என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4 என 24 விஷ முட்கள். சிங்க மீனைவிட அதிகம். விஷ மீன் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்கள்கூடத் தெரியாமல் வளர்க்கும் விஷ மீன் இது.

நான்காம் ஆண்டு ஒரு மாலை. தொட்டி விளக்கு அணைந்திருந்தது. பின் கண்ணாடியில் பாசி படிந்திருக்க, காந்தச் சுரண்டியை எடுக்கச் சோம்பல்பட்டு வெறும் கையை விட்டேன். மீன் வழக்கமான மூலையில் இருக்கும் என்று நினைத்தேன். அந்தி நேரம் அது உலாவும் நேரம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாறைக்குப் பின்னாலிருந்து தலையைத் தாழ்த்தி முதுகு முட்களை முன்னால் நீட்டியபடி வந்தது. அது எச்சரிக்கை. நான் கையை இழுத்த வேகத்தில் நானே முள்ளில் மோதினேன்.

ஊசி குத்தியது போலத்தான் தொடங்கியது. பத்து நிமிடத்தில் மோதிர விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவது போன்ற வலி மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. இந்த விஷம் புரதம், வெப்பத்தில் சிதையும். 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் கையை வைத்தேன், குத்துப்படாத கையால் சூட்டைப் பார்த்துக்கொண்டு. குத்துப்பட்ட கைக்கு எரிச்சலில் சூடு சரியாகத் தெரியாது, வெந்துவிடும். ஆறும்போதெல்லாம் நீரை மாற்றி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தேன். வலி பாதிக்கு இறங்கியது. பிறகு மருத்துவரிடம் போனேன், முள் துண்டு உள்ளே தங்கவில்லை என்று பார்த்து டெட்டனஸ் ஊசி போட்டார். வீக்கம் ஒரு வாரம், விரல் மடக்க வராத விறைப்பு ஒரு மாதத்துக்கு மேல். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்திருந்தால் வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்பியிருக்க வேண்டும்.

அதன் பிறகு தொட்டிக்கு அருகில் வெந்நீரின் சூடு பார்க்க ஒரு வெப்பமானி நிரந்தரமாக இருக்கிறது. கை உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் தடுப்புப் பலகையால் மீனை ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். வீட்டில் நான் மட்டும் தனியாக இருக்கும்போது அந்த வேலையே இல்லை. மீனை இடம் மாற்ற வலை எடுப்பதில்லை, முட்கள் சிக்கிக்கொள்ளும். தண்ணீரோடு சேர்த்து அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் முகந்துவிடுகிறேன்.

நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழும் மீன் இது. பெரிதான பின் யாரும் எளிதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். கடலில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய இந்த மீன் 1985-இல் ஃபுளோரிடா அருகே அட்லாண்டிக்கில் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனவையே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, அங்குள்ள பவளப்பாறைக் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் 15 செ.மீ. அளவோடு நிற்கும் குள்ளச் சிங்க மீன் வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பணம் கொடுக்கும் முன், குச்சி நுனியில் செத்த இறாலை நீட்டி, அது என் கண் முன்னால் தின்கிறதா என்று காட்டச் சொல்வேன்.