ரிக்கவரி வண்டிக்கு என்ஜின் மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்

சேலம்–தருமபுரி ரோட்டில், நின்றுபோன வண்டிகளைத் தூக்கிச் செல்லும் ரிக்கவரி வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். பிஎஸ்4 டீசல், 24 வோல்ட், பின்னால் பிளாட்பெட். டிரைவர் போடவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். என்னை மாதிரி சொந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நம் தொழிலில் வண்டி சாதாரண லோடு வண்டி மாதிரி ஓடாது. இரண்டு மணி நேரம் சும்மா நிற்கும், போன் வந்ததும் நேராகப் போய் 3 டன்னை மேலே ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் இரண்டாவது கியரில் ஏற வேண்டும். டேஷ்போர்டில் இருக்கிற ஹீட் முள் பல வண்டிகளில் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் அமைத்திருப்பார்கள், 80 டிகிரியும் 98 டிகிரியும் அதில் ஒரே இடம். அதனால்தான் எண்ணாகவே காட்டுகிற மானிட்டர் ஒன்று வேண்டும் என்று தேடினேன்.

கடைக்காரர் தன் காரில் அந்த மானிட்டர் பெட்டியை மாட்டி ஓட்டிக் காட்டினார். எல்லா எண்ணும் சரியாக ஓடியது. "அண்ணே, லாரிக்கும் இதேதான், கூலன்ட், ஆயில் பிரஷர், சைலன்சர் ஹீட், தண்ணி குறைஞ்சா அலாரம், எல்லாம் இதுலயே வந்துரும்" என்றார். (கூலன்ட் என்றால் என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர், சைலன்சர் ஹீட் என்றால் என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு.) ரூ. 18,500 பேசி, மாட்டுக்கூலியும் அதிலேயே என்று முடித்தோம். காரில் வேலை செய்கிறதே, லாரியில் செய்யாதா என்று நான் நினைத்தது முதல் தவறு. ஈசியூ என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் காரில் பேசும் ஓபிடி பாஷை வேறு, என் வண்டியின் ஈசியூ பேசுவது ஜே1939 என்கிற கனரக வண்டிப் பாஷை, அது ஓடுகிற வேகமும் வேறாக இருக்கலாம். காருக்கான மலிவுச் சிப் பலவற்றால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. பெட்டியை மாட்டிய ஆளுக்கு இது தெரிந்திருக்கிறது, ஏனென்றால் ஈசியூவிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனித்தனி சென்சார் ஒட்டி எண்களை வரவைத்திருக்கிறார்.

ஐந்து வாரம் நன்றாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணி, தொப்பூர் அடிவாரத்தில் நின்றுபோன பிக்கப் வண்டியை லோடோடு ஏற்றிக்கொண்டு தருமபுரி பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறேன், மானிட்டரில் கூலன்ட் 81 டிகிரி, ஆயில் பிரஷர் 45 பிஎஸ்ஐ, சைலன்சர் ஹீட் 310, அலாரம் எதுவும் இல்லை, ஆனால் வண்டி இழுக்க மறுக்கிறது. மறுபடி பார்த்தேன், 78. குறைகிறதே, நல்லதுதானே என்று இன்னும் கொஞ்சம் மிதித்துவிட்டேன். முன்னால் ஆவி கிளம்பிய பிறகுதான் ஓரம் கட்டினேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, லேத்தில் ஃபேஸிங் அடித்து, ரூ. 64,000 செலவு, 11 நாள் வண்டி நின்றது. அடுத்தவர் வண்டியைத் தூக்கப் போன என் வண்டியைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

என் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார். கூலன்ட் சென்சார் தண்ணீருக்குள்ளேயே இல்லை, மேல் ஹோஸின் வெளிப்பக்கம் டேப் சுற்றி ஒட்டியிருந்தது. தண்ணீர் போனதும் ஹோஸ் ஆறும், எண் இறங்கும். (இந்த விஷயத்தில் கம்பெனி சென்சாரையும் முழுதாக நம்ப முடியாது, அதைச் சுற்றித் தண்ணீர் இல்லையென்றால் அதுவும் குறைத்துக் காட்டலாம். அதனால்தான் தண்ணீர் மட்டத்துக்குத் தனி அலாரம் வேண்டும் என்று நான் கேட்டு வாங்கினேன்.) அந்த அலாரத்தின் ஒயர் டேஷ்போர்டுக்குள்ளேயே மடக்கி டேப் போட்டுக் கிடந்தது, கூலன்ட் ஊற்றுகிற எக்ஸ்பான்ஷன் டேங்கில் சென்சாரே கிடையாது.

சைலன்சர் ஹீட் இன்னும் மோசம். அதை அளக்கிற புரோப் (சென்சார் முனை) டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் துளை போட்டு உள்ளே போக வேண்டும். மாட்டிய ஆள் டர்போவைத் தாண்டிப் பைப்பின் வெளியே கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். போதாததற்குச் சாதாரணச் செம்பு ஒயரை வைத்து நீட்டியிருந்தார். இந்த புரோப் கே டைப் தெர்மோகப்பிள் என்கிற சூடு அளக்கும் சென்சார், அதற்கு அதற்கென்று உள்ள ஒயரைத்தான் பெட்டிவரை கொண்டுவர வேண்டும். என்ஜின் பக்கம் 80 டிகிரி சூட்டில் செம்பைச் சேர்த்து, கேபினில் 35 டிகிரி இருந்தால், அங்கேயே சுமார் 45 டிகிரி குறைந்துவிடும். டர்போவுக்கு முன்னால் ஏறத்தாழ 675–700 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் பல டீசல் என்ஜின்களுக்கு ஆபத்து, பிஸ்டன் அலுமினியம்தான். இப்போது சரியாக மாட்டிய பிறகு அதே மேட்டில் அதே மாதிரி லோடில் 580 வரை போகிறது. 310 என்று பார்த்துக்கொண்டுதான் நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

ஆயில் பிரஷர்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சாவியை மட்டும் போட்டார் அண்ணன், 45 பிஎஸ்ஐ காட்டியது! பம்ப் சுற்றாமல் பிரஷர் எங்கிருந்து வரும்? பிரஷரை அளக்கிற சென்சாரே மாட்டவில்லை. பெட்டி தானாக அந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஐந்து வாரம் தினமும் காலையில் சாவி போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அந்த இடத்தைக் கவனித்துப் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்யுங்கள், யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் வண்டியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், அவர் காரில் அல்ல. சாவி மட்டும் போட்டால் ஆயில் பிரஷர் சுழியம் காட்ட வேண்டும். ஒவ்வொரு சென்சார் ஒயரையும் பிடுங்கினால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடோ எரரோ வர வேண்டும், எண் வந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். டெம்பரேச்சர் புரோபை மாட்டும் முன் கொதிக்கிற தண்ணீரில் விட்டால் 100 ஒட்டி வர வேண்டும். எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைத் திறந்து தண்ணீரைக் குறைத்து அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள், என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். மேனிஃபோல்டில் துளை போடுவதானால் கழற்றி வைத்துப் போடச் சொல்லுங்கள், இரும்புத் துகள் டர்போவுக்குள் போனால் அது தனிச் செலவு. நான் இப்போது தனித்தனி கேஜாகப் போட்டிருக்கிறேன், எல்லாம் சேர்த்து ரூ. 11,000-க்குள் முடிந்தது, பார்க்க அழகாக இல்லை, ஆனால் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

பணம் திரும்பக் கேட்டுப் போனபோது "நீங்க கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார் கடைக்காரர். பில் என்று கொடுத்த துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை, பொருளின் பெயர்கூட இல்லை, "ஆக்சசரீஸ்" என்று மட்டும் இருந்தது. தொழில் வண்டிக்கு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் பயமுறுத்தினார். அது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன், மனுவும் தயாராகிறது. அந்தப் பெட்டியை ஒட்டிய டேப்போடும் செம்பு ஒயரோடும் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியிலும் சாவி போட்டதும் 45 காட்டுகிற பெட்டி இருந்தால், கழற்றும் முன் அதை வீடியோ எடுத்து வையுங்கள், சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.