நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும்: ஃபேனைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள்

இந்தக் கோடையில் என் காருக்கு 29,200 ரூபாய் தண்டம் அழுதேன். உண்மையில் இருந்தது 2,050 ரூபாய்ப் பழுது. பழைய கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக என்னைப் போல் பானெட்டைத் திறந்தால் எதையும் தொடத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள், கொஞ்சம் படியுங்கள்.

எனக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். கார் 2007 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, மாமாவிடமிருந்து வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இத்தனை வருஷம் ஓடிய மோட்டார் தேயத்தான் செய்யும், வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏமாற்றிய ஒர்க்‌ஷாப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் தஞ்சாவூர் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். உச்சி வெயில், ஏசி போட்டபடி ஓட்டியும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. அன்று சாயங்காலமே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டு வீட்டுக்கு வரும்போது காவிரிப் பாலத்தில் நெரிசல். இருபது நிமிஷம் ஊர்ந்திருப்போம். முள் சரசரவென்று ஏறி சிவப்பைத் தொட்டது. பானெட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டவும் இடமில்லை, பின்னால் ஹாரன் மேல் ஹாரன். எப்படியோ பாலத்தைத் தாண்டி நிறுத்தினால், கீழே தண்ணீர் பொங்கி ஓடுகிறது.

என் மனைவி அப்போது சொன்னாள்: "ஏங்க, காலையில அவ்வளவு தூரம் போயிட்டு வந்தோம், ஒண்ணும் ஆகலை. நின்னாத்தான் கொதிக்குது?"

பழுது என்ன என்பது அந்த ஒரு கேள்வியிலேயே இருந்தது. எங்கள் இருவருக்கும்தான் அது தெரியவில்லை. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே இன்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்குப் பெரிதாக வேலை கிடையாது. நிற்கும்போதும் ஊரும்போதும் காற்று வராது. அப்போது தண்ணீர் சுமார் 95, 100 டிகிரியை நெருங்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஆகவே சிக்னலில் கொதித்து, பைபாஸ் ஏறியதும் ஆறிவிட்டால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். இதுவே தலைகீழாக, ஊருக்குள் சும்மா இருந்துவிட்டு நாலுவழிச் சாலையில் 90-இல் போகும்போது முள் ஏறினால், அடைத்துப்போன ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. காசு கட்டிப் படித்த பாடம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் பானெட்டைத் திறந்து, பையனை ஏசி போடச் சொன்னார். முன்னால் ஒரு ஃபேன் சுற்றியது. "ஃபேன் ஓகே சார். ரேடியேட்டர் அடைச்சிருக்கு."

இந்த இடத்தைக் கவனியுங்கள். பழைய கார்கள் பலவற்றில் ஃபேன் இரண்டு இருக்கும். ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏசி கண்டென்சருக்கு. ஏசி போட்டால் சில வண்டிகளில் இரண்டும் சுற்றும், சிலவற்றில் ஒன்றுதான். என் வண்டியில் ஏசி போட்டால் சுற்றுவது சின்ன ஃபேன். பெரிய ஃபேன் இன்ஜின் சூடானால்தான் சுற்றும். அவர் காட்டியது சின்னதை. தெரியாமல் காட்டினாரா, தெரிந்தே காட்டினாரா என்று அன்று கேட்டிருந்தால் தெரியாமல்தான் என்று சத்தியம் செய்திருப்பேன்.

புது ரேடியேட்டர், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 5,800. ரேடியேட்டர் நிஜமாகவே புதுசுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தேவையில்லாத புதுசு.

ஒரு வாரம் கழித்து அதே பாலம், அதே ஆவி. இந்தத் தடவை வாட்டர் பம்ப் மாற்றினார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் தெர்மோஸ்டாட்" என்று அதைக் கழற்றிக் கடாசிவிட்டார்கள். 3,900. நம் ஊரில் இது ரொம்ப நாளாக நடக்கிற வைத்தியம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து, வண்டியைப் பொறுத்து 82, 88 டிகிரி வாக்கில் திறக்கிற கதவு. அதை எடுத்துவிட்டால் வண்டி ஓடும்போது முள் கீழேயே கிடக்கும். ஓனருக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். எனக்கு மைலேஜ் இறங்கியது கண்கூடாகத் தெரிந்தது. நெரிசலில் நின்றால் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுற்றி என்ன, காற்றில்லாமல் சூடு எங்கே போகும்?

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம் மூன்றாவது தடவை பொங்கியது. இப்போது ஓனர் முகத்தில் ஆஸ்பத்திரிக் களை. "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஹெட்டைக் கழட்டி லேத்துல ஃபேஸிங் போடணும். இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும்." ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி, கேஸ்கட் அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கிற தகடு. 19,500 ரூபாய். பயந்துவிட்டேன். நாலு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது கரிபிடித்த பழைய கேஸ்கட்டைக் கையில் கொடுத்து, "பாருங்க சார், எப்படி எரிஞ்சிருக்குன்னு" என்றார். மச்சானிடம் காட்டலாம் என்று அதை வாங்கி டிக்கியில் போட்டேன். இந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அதுவும் தெரியாமல் செய்தது.

நாலாவது தடவை பாலத்தில் முள் ஏறியபோது கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாக வைத்தேன். மே மாதத்தில் ஹீட்டர்! வியர்வை ஊற்றியது. ஆனால் முள் இறங்கியது. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை அது வண்டிக்குள் இழுத்துவிடும். வழியில் மாட்டிக்கொண்டால் ஓரங்கட்டும்வரை இது உதவும். நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் பால்பண்ணை பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, பழைய ஆல்டர்னேட்டர்கள், அறுபது வயதுப் பெரியவர். என்ன செய்தது என்று கேட்டார். முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓடினா ஆறுதுல்ல? அப்ப ஃபேன் தம்பி."

ஏசியை அணைக்கச் சொல்லி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். முள் முக்கால்வாசிக்கு வந்ததும், ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலே 'டக்' என்றது. பெரிய ஃபேன் அசையவில்லை. ஃபேன் மோட்டாருக்கு வயர் சேரும் கப்ளரைப் பிடுங்கி, வண்டிப் பக்கத்து முனையில் செக்கிங் லைட்டை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் வருது. ஃபியூஸ், ரிலே, சென்சார் எல்லாம் வேலையைப் பாக்குது. மோட்டார்தான் தூங்குது." லைட் எரியாமல் இருந்திருந்தால் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேட வேண்டுமாம். அப்புறம் பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். சுற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டார் முதுகில் லேசாக ஒரு தட்டு. கிர்ரென்று சுற்றியது. நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தால் மறுபடி தூக்கம். உள்ளே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்து, சுற்றுகிற ஆர்மெச்சரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மொத்தச் சோதனையும் கால் மணி நேரம்.

வேறு மோட்டார் 1,650, கூலி 400. "பிரஷ் மட்டும் மாத்தலாமா" என்று கேட்டேன். ஆர்மெச்சரும் தேய்ந்துவிட்டது, ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். ஃபேனுக்கு டைரக்ட் வயர் இழுத்து ஒரு சுவிட்ச் போட்டுவிடலாமா என்றும் கேட்டேன், யாரோ சொன்னதை நம்பி. முறைத்தார்.

வேலை நடுவே கை துடைக்கத் துணி கேட்டார். எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே கேஸ்கட்.

"இது யாரோடது தம்பி?"

"என் வண்டியோடதுதாங்க. இப்பத்தான் மாத்தினோம்."

அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க வண்டி நாலு சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கணும். இதுல எத்தனைன்னு எண்ணுங்க."

மூன்று.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் பானெட்டுக்குள் குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் சைலன்சர் பக்கம் பிரித்தே ஆக வேண்டும். அந்த நட்டுகளில் வருஷக்கணக்கான துரு அப்படியே பொருக்குத் தட்டிக் கிடந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கேஸ்கட் போனதற்கான அடையாளமும் ஆரம்பத்திலிருந்தே எதுவும் இல்லை. ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி வெளுப்பு இல்லை, சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை இல்லை, ரேடியேட்டர் தண்ணீரில் காற்றுக் குமிழி வரவில்லை. என் இன்ஜினை யாரும் திறக்கவே இல்லை. நாலு நாளும் வண்டி ஷெட்டில் சும்மா நின்றிருக்கிறது. இத்தனை தடவை பொங்கியும் ஹெட் வளையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "பசங்க வேற வண்டி கேஸ்கட்டை மாத்திக் குடுத்துட்டாங்க சார்" என்றார் ஓனர். துருப்பிடித்த நட்டைக் காட்டியதும் குரல் மாறியது. பில் கேட்டேன். சிட்டையில் எழுதிக் கொடுத்தோமே என்றார். அந்தச் சிட்டையில் கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் தொகை.

பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகச் செயல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள்ளான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என் கையில் இருப்பது இரண்டு யுபிஐ ரசீது, போட்டோக்கள், எலக்ட்ரீஷியன் பில். கேஸ்கட் வேலைக்கான 19,500-ஐ "ஜிஎஸ்டி போட்டா ஏறிடும் சார்" என்றார்களே என்று ரொக்கமாகக் கொடுத்துத் தொலைத்தேன். இப்போது அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. நீங்களாவது ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றுகிறோம் என்றால் கழற்றியதும் கூப்பிடச் சொல்லி, நேரில் போய்ப் பாருங்கள்.

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டாயிற்று. காவிரிப் பாலத்தில் நிற்கும்போது பாட்டை அணைத்துவிட்டு ஃபேன் சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன். மனைவி சிரிக்கிறாள்.

அந்தக் கேஸ்கட் டிக்கியிலேயே பத்திரமாக இருக்கிறது. திருச்சியில் மூன்று சிலிண்டர் வண்டிக்கு இந்த வருஷம் ஹெட் வேலை செய்து, பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்காமல் விட்டவர் யாராவது இருந்தால், அது என்னிடம்தான் இருக்கிறது.